பொட்டு வைத்தால் போதுமா?

பழநிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற பாலசமுத்திரத்துக்கு என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐப்பசி அடைமழை பிடித்தால் அங்கே கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அதனால், வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகன் லீவில் வந்தபோது அம்மாவுக்கு ஒரு டிரையர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

மெஷின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. உடம்பைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார் அக்கா.

"முன்ன மாதிரி இல்ல தம்பி. இப்பல்லாம் ரெண்டு தடவ ஓட்டினாத்தான் காயுது. மெஷினுக்கு வயசாயிருச்சு போல."

வாங்கி இரண்டே வருஷம். நான் பி.காம். படித்தவன். எந்தத் தேய்மானக் கணக்கிலும் அது இடிக்கிறதே! பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவோரம் இருந்த ஃபில்டரை உருவினேன். விரல் தடிமனுக்குக் கம்பளி மாதிரி பஞ்சு. பின்னால் எட்டிப் பார்த்தால், சூட்டுக் காற்று வெளியே போகிற குழாய் நசுங்கிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. வெளிப்பக்கம் அணில் புகாமலிருக்க அதன் வாயில் கொசுவலை. வலை முழுக்க அதே பஞ்சு.

"இதை எப்பக்கா சுத்தம் பண்ணீங்க?"

"அதக் கழட்டுனா வாரன்டி போயிரும்னு மாட்ட வந்த பையன் சொன்னானே!"

அக்கா பதினைந்து வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "மில்லுல இதத்தானே ஷிஃப்டுக்கு ஷிஃப்டு கூட்டித் தள்ளுவோம். ஒரு பொறி விழுந்தாப் போதும் தம்பி..."

மில்லில் தெரிந்த உண்மை வீட்டில் ஏன் தெரியாமல் போனது? விற்றவன் சொல்லவில்லை. மாட்டியவன் தப்பாகச் சொன்னான். மெஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதுவும் பிரிக்காத கவரோடு பீரோவுக்குள் தூங்கியது.

விஷயம் ரொம்ப எளிது. துணி காயும்போது நூல் துகள்கள் உதிரும். பெரும்பகுதியை ஃபில்டர் பிடிக்கும். மிச்சம் குழாய்க்குள் போய்ப் படியும். வழி அடைத்தால் ஈரக் காற்று வெளியேறாது. துணி காய நேரமாகும். உள்ளே சூடு ஏறும். பக்கத்திலேயே காய்ந்த பஞ்சு. அப்புறம் என்ன வேண்டும்?

அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்குச் சுமார் 2,900 வீடுகளில் டிரையரால் தீ. ஐந்து பேர் சாவு, நூறு பேருக்குக் காயம். முதல் காரணம், மெஷினைச் சுத்தம் செய்யாதது. நூற்றுக்கு 34 தீ அதனால்தான் என்கிறது அந்நாட்டு அரசின் தீயணைப்புத் துறை.

கம்பெனிக்காரர்கள் மட்டும் யோக்கியமா? பிரிட்டனில் விற்ற 50 லட்சத்துக்கும் அதிகமான டிரையர்களில், சூடேற்றும் பாகத்தில் பஞ்சு பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று 2015-இல் வேர்ல்பூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனாலும், 'ஆள் பக்கத்தில் இருந்தால் ஓட்டலாம்' என்றது. 2016 ஆகஸ்டில் லண்டனில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் அப்படியொரு டிரையர் தீப்பிடித்தது. ஓட்டாதீர்கள் என்று சொல்ல 2017 ஆனது. மிச்சமிருந்த மெஷின்களைத் திரும்பப் பெற 2019 ஆனது.

நம் ஊரில் இப்படி நடந்தால் என்ன எழுதுவோம்? 'மின்கசிவு காரணமாக'! பத்திரிகைக்காரன் நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்குள் கடைக்காரன், கம்பெனி, கட்டியவன், நாம் என அத்தனை பேர் குற்றமும் ஒளிந்துகொள்ளும்.

"நம்மூரில் எத்தனை வீட்டில் சார் டிரையர் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டுகிற அடுக்குமாடிகளைக் கேளுங்கள். கொடி கட்ட இடம் இல்லையென்றால் மெஷின் வரத்தான் செய்யும். அந்தச் சூட்டுக் காற்று வெளியே போகச் சுவரில் வழி விட்டார்களா?

விற்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மாட்ட வருகிற பையன் ஃபில்டரை உருவிக் காட்டிச் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எச்சரிக்கையைத் தமிழில் அச்சடிக்க அப்படி என்ன செலவாகிவிடும்?

நமக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். வருஷம் ஒருமுறையாவது குழாயைக் கழற்றித் துடையுங்கள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் உலோகத்துக்கு மாற்றுங்கள். வாயில் வலை கட்டாதீர்கள். குழாய் இல்லாத மாடல் என்றாலும் ஃபில்டர் உண்டு, பஞ்சு உண்டு. எண்ணெய்க் குளியல் துண்டை உள்ளே போடவே போடாதீர்கள். துணியில் ஊறிய எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கடைக்கும் போகாதீர்கள்.

இதில் எதற்காவது மெக்கானிக் வேண்டுமா? பாதிக்கு மேல் பத்துப் பைசா செலவில்லை.

அன்று சாயங்காலம் குழாயை நிமிர்த்தி, வலையைப் பிய்த்துப் போட்டோம். ஒரே ஓட்டத்தில் துணி காய்ந்தது. குப்பைக் கூடையில் கிடந்த பஞ்சைப் பார்த்தபடி அக்கா சொன்னார்: "ரெண்டு வருஷமா நெருப்புக்குல்ல தம்பி பொட்டு வச்சுக் கும்பிட்டிருக்கேன்!"