துவக்கு ஒருமுறை, தோட்டா ஒவ்வொருமுறை

2024 ஒலிம்பிக் நடந்த நாட்களில் யூசுப் டிகெச்சின் படம் வராத போன் எங்கட பீடத்தில் ஒன்றுகூட இருந்திருக்காது. சாதாரண மூக்குக்கண்ணாடி, ஒரு ரீசேர்ட், ஒரு கை காற்சட்டைப் பைக்குள். மற்றவர்கள் விசேட லென்ஸ், கண்மறைப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்க, மனுசன் கடைக்குப் பாண் வாங்க வந்தவர் மாதிரி நின்று, 10 மீற்றர் எயார் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் துருக்கிக்கு வெள்ளி எடுத்துக்கொண்டு போனார். 'சாமான் ஒன்றும் தேவையில்லை, திறமை மட்டும் போதும்' எண்டு ஆயிரம் மீம் வந்தது. நாங்களும் பகிர்ந்தோம், சிரித்தோம்.

ஆனால் அந்த மீம் பாதி உண்மைதான். டிகெச்சுக்கு அப்போது வயது 51. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த பிஸ்டல். அதற்கு முன்னால் அவர் எத்தனை வருசம், எத்தனை ஆயிரம் முறை அந்தக் கையை நீட்டியிருப்பார் என்பது படத்தில் இல்லை. விளையாட்டுச் சாமான் பற்றிய பேச்சு எப்பவும் இப்படித்தான் இரண்டு பக்கமாக இழுபடுகிறது. ஒரு பக்கம் 'சாமான் முக்கியமில்லை' எண்டு சொல்லும். மற்றப் பக்கம் புதிதாக வருகிற ஒருவரிடம் முழப்பட்டியலை நீட்டி 'இது இல்லாமல் தொடங்கவே முடியாது' எண்டு சொல்லும். இரண்டு பக்கமும் விட்டுவிடுகிற ஒரு செலவு இருக்கு. அது பயிற்சியின் செலவு.

இதைப் பேச நாங்கள் எடுத்துக்கொள்வது எங்களுக்குத் தூரமான ஒரு உதாரணம்: பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிகளும், அமெரிக்காவில் அதற்குள் நுழைகிறவர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்பப் பாவிக்கும் இயந்திரங்களும். துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்கட வீடுகளில் விளையாட்டு ஞாபகம் வராது என்பது தெரியும். அம்மாமாருக்கு இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டப் போவதுமில்லை. ஆனால் ஒரு விளையாட்டில் யார் நிலைத்து நிற்கலாம், யார் ஆறு மாதத்தில் காணாமல் போவார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ட்ராப்பில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மொத்தம் 125. ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம் என்பதால் தோட்டா 125க்கு மேலேயும் போகும். இது போட்டி நாளின் கணக்கு மட்டும்தான். துவக்கை ஒருமுறை வாங்கினால் பல வருசம் வரும். தோட்டாவோ சுட்டதும் முடிந்தது. அமெரிக்காவில் சாதாரண வேலை செய்கிறவர்களும் இந்த விளையாட்டில் நின்றுபிடிக்க உதவிய வழிகளில் ஒன்று, சுட்ட தோட்டாவின் கோதை எறியாமல் எடுத்து வந்து திரும்ப நிரப்புவது. ஒரு தோட்டாவில் ஐந்து பொருள் உண்டு: கோது, அடியில் பொறி வைக்கும் பிறைமர், மருந்து, வாட் என்கிற பிளாஸ்டிக் கிண்ணம், ஈயச் சன்னம். கோது மட்டும் திரும்பப் பாவிக்கலாம். மற்ற நாலையும் வாங்க வேணும்.

இனிப் புதிதாகத் தொடங்குகிற ஒருவர் எந்த இயந்திரத்தை வாங்குவது? சந்தையில் இரண்டு வகை இருக்கு. ஒன்று, ஒரே நேரத்தில் ஒரு கோதை மட்டும் எடுத்து, ஒவ்வொரு படியாகக் கையால் நகர்த்தி முடிப்பது. விஸ்கொன்சினில் உள்ள மெக் கம்பனியின் 600 ஜூனியர் இதற்குப் பெயர் போனது. அதைவிட மலிவாக லீ கம்பனியின் லோட்-ஆல் இருக்கு. மற்றது, பல கோதுகளைச் சுற்றி நிறுத்தி, கைபிடியை ஒருமுறை இழுக்க எல்லாப் படியும் ஒன்றாக நடந்து, ஒரு முழுத் தோட்டா வெளியில் விழும் வகை. மெக் 9000 அப்படியானது. வேகம் கூட, விலையும் கூட. 'எப்படியும் கடைசியில் அதைத்தான் வாங்கப் போகிறாய், இப்பவே வாங்கு' எண்டு ஆலோசனை சொல்வதற்கு எப்பவும் ஒரு ஆள் இருப்பார்.

எங்கட கருத்து: அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். முதலாவது இயந்திரம் மெதுவானதாக இருக்க வேணும்.

காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. மருந்து விழாத ஒரு தோட்டாவை நினைத்துப் பாருங்கள். சுடும்போது 'டப்' எண்டு ஒரு மெல்லிய சத்தம்தான் வரும். வாட் குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும், கையும் கண்ணும் போகும். ஒவ்வொன்றாக நிரப்புகிறவர் ஒவ்வொரு கோதுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார். வேக இயந்திரத்தில் ஐந்தாறு கோதில் ஐந்தாறு வேலை ஒரே இழுவையில் நடக்கும். ஒன்று பிழைத்தால் எது பிழைத்தது எண்டு கண்டுபிடிக்கப் பழகின கண் வேணும். அந்தக் கண்ணைத் தருவது மெதுவான இயந்திரம்தான்.

இயந்திரத்துக்கு முன்னாலேயே வாங்க வேண்டிய இரண்டு சாமான் இருக்கு. ஒன்று, ஒரு நல்ல தராசு. இந்த இயந்திரங்கள் மருந்தை நிறுப்பதில்லை, ஒரு சின்னத் துளைக்குள் நிரப்பி அளக்கின்றன. எந்தத் துளைக்கு எவ்வளவு மருந்து எண்டு அட்டவணை தருவார்கள். ஆனால் கைபிடியை இழுக்கும் விதத்திலும் அளவு கூடிக் குறையும். நிறுத்துப் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும். மற்றது, மருந்துக் கம்பனிகள் வெளியிடும் அளவுப் புத்தகம். அதில் கோது, பிறைமர், வாட், மருந்து, சன்னம் எல்லாம் பெயரோடு இருக்கும். ஒன்றை மாற்றினாலும் உள்ளே எழும் அழுத்தம் மாறும். சமையலில் சீனிக்குப் பதில் சர்க்கரை போடுவது மாதிரி இங்கே செய்ய ஏலாது. அரட்டை அடித்துக்கொண்டும் போன் பார்த்துக்கொண்டும் செய்கிற வேலையும் இல்லை. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கவும் கூடாது.

இன்னொன்றையும் அந்த ஆலோசகர்கள் சொல்வது குறைவு. உடனே இயந்திரம் வாங்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லை. 12 கேஜ் தோட்டா பெருந்தொகையாகச் செய்யப்படுவதால் கடையில் மலிவாகக் கிடைக்கும். வீட்டில் நிரப்பினால் மிஞ்சுவது கொஞ்சம்தான், ஈய விலை ஏறினால் அதுவும் இல்லை. அமெரிக்க ஸ்கீட்டில் பாவிக்கும் 28 கேஜ், .410 போன்ற சின்னத் தோட்டாக்கள் கடையில் விலை கூட. அங்கேதான் இயந்திரம் தன்ர காசைத் திருப்பித் தரும். ஒரு 25 இறாத்தல் ஈயப் பையில், தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் போட்டால் 400 தோட்டா நிரப்பலாம். அரை அவுன்ஸ் போடும் .410க்கு அதே பை 800 வரும்.

அதனால் எங்களைக் கேட்டால் முதல் பருவத்துக்கு இயந்திரமே வேண்டாம். அந்தக் காசைத் தோட்டாவுக்கும் பயிற்சியாளருக்கும் கொடுங்கள். சுட்ட கோதுகளை மட்டும் பொறுக்கிச் சேருங்கள். வின்செஸ்டர் ஏ.ஏ., ரெமிங்டன் எஸ்.ரி.எஸ். போன்ற நல்ல கோதுகள் பல முறை நிரப்பத் தாங்கும். கோதின் வாயில் ஆறு மடிப்பா எட்டு மடிப்பா எண்டு எண்ணி வேறுவேறாக வையுங்கள், ஏனென்றால் வாய் மூடும் கருவியும் அதற்கேற்ப மாறும். பருவம் முடிய எந்தக் கேஜில் நிற்கப் போகிறீர்கள், மாதம் எத்தனை சுடுகிறீர்கள் எண்டு தெரிந்திருக்கும். அப்போது வாங்கலாம்.

'மெதுவான இயந்திரத்தில் நேரம் போகும், ஏழைக்கு நேரமும் காசுதானே' எண்டு ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பகல் முழுக்க வேலை செய்தவருக்கு இரவில் நூறு தோட்டா நிரப்புவது லேசில்லை. ஆனால் வேக இயந்திரம் அந்தப் பிரச்சினையைத் தீர்ப்பது, அதை வாங்கக் காசுள்ளவருக்குத்தான். மற்றவர்களுக்கு இருக்கிற வழி, கழகம் ஒரு இயந்திரத்தை வாங்கிப் பொதுவில் வைத்து, பழகின ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது.

இங்கேதான் இந்தத் தூரத்து உதாரணம் எங்களிடம் வருகிறது. சுடுதலில் மேலே வந்தவர்களைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் 10 மீற்றர் எயார் ரைபிளில் தங்கம் எடுத்த அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுகளம் இருந்தது. 2024இல் ட்ராப்பில் இந்தியாவுக்காக நின்ற தமிழர் பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். அவர்களின் உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டில் களம் உள்ள எல்லாரும் தங்கம் எடுப்பதில்லை. ஆனால் அந்த உழைப்பைப் போட, முதலில் சுட்டுப் பழகக் கிடைக்க வேணும்.

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பட் வாங்கப் பழைய மாணவர்கள் காசு சேர்த்துத் தந்தார்கள். மாலை போட்டு, படம் எடுத்து, கையளிப்பு விழாவும் நடந்தது. அடுத்த மாதம் வலைப் பயிற்சிக்குப் பந்து இல்லை. இருந்த ஒரு தோல் பந்தின் தையல் பிரிந்து, கடைசியில் ரெனிஸ் பந்தில் விளையாடிவிட்டு, தோல் பந்துப் போட்டிக்குப் போய் எல்லாரும் ஆட்டமிழந்து வந்தோம். பட் விலையில் எத்தனை பந்து வாங்கலாம் எண்டு ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பந்துக்கு விழா எடுக்க ஏலாதுதானே.

அடுத்த முறை யாராவது 'பிள்ளைகளுக்கு என்ன சாமான் வேணும்?' எண்டு கேட்டால் சொல்வதற்கு இப்போதே யோசித்து வைத்திருக்கிறோம். நல்ல பட் ஒன்று போதும். மிச்சக் காசுக்குப் பந்து வாங்கித் தாருங்கள், வருசம் முழுக்கக் காணக்கூடிய அளவுக்கு.