49 பேருக்கு லைசென்ஸ் வேண்டாமாம்!

உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கத்தில் மழை பொய்த்தால் ஆள்பிடிக்கும் தரகன் வந்து விடுகிறான். பெற்றவர்கள் கையில் முன்பணத்தைத் திணித்து, பிள்ளைகளை வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளுக்கு ரயிலேற்றுகிறான். அதே மதுரை ஸ்டேஷனில் ஒரிசா, பீகார் வாலிபர்கள் வந்து இறங்குகிறார்கள். ஏறுகிறவனும் இறங்குகிறவனும் பகைவர்கள் என்று நமக்குப் போதிக்கிறார்கள். இருவரையும் விலை பேசுகிறவன் காண்டிராக்டர் என்பதை மட்டும் சொல்வதில்லை.

"வடநாட்டானைப் போலீசில் பதிவு செய்!" என்று சிலர் கூச்சலிடுகிறார்கள். நாம் கேட்கிறோம்: அவனைக் கொண்டு வந்தவனைப் பதிவு செய்தீர்களா?

ஒரிசாவில் 'தாதன்' என்ற பெயரால் நடந்த ஆள்வியாபாரம் நாறிய பிறகுதான் 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கான சட்டம் வந்தது. 5 பேரைக் கொண்டு வந்தாலே காண்டிராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும்; ஆள் எடுக்கும் மாநிலத்திலும், வேலை வாங்கும் மாநிலத்திலும். தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். ஊரைவிட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதியைத் தனிப்படியாகத் தர வேண்டும். காண்டிராக்டர் கூலி தராமல் ஓடினால் முதலாளி தர வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது என்பீர்கள். உண்மை. ஆனாலும் கேஸ் போட ஒரு பிடி இருந்தது.

2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொகுப்புச் சட்டங்களை அமல்படுத்தி அந்தப் பிடியையும் தளர்த்தி விட்டது. 5 என்பது 10 ஆயிற்று. இடம்பெயர்ந்த படி பறந்தது, பாஸ்புக்கும் பறந்தது. காண்டிராக்ட் லைசென்ஸ் 50 பேராவது இருந்தால்தான். 49 பேரை மந்தையாக ஓட்டி வருகிறவனுக்கு லைசென்ஸ் தேவையில்லை! 9 பையன்களை அறையில் அடைத்து முறுக்குப் பிழிய வைப்பவன் கணக்கிலேயே வரமாட்டான். தானாக வந்த தொழிலாளியையும் புதுச் சட்டம் சேர்த்துக் கொண்டதே என்பார்கள். சேர்த்தது சரிதான். 10 பேர் இல்லாத இடத்தில் அதனால் யாருக்கு என்ன பயன்?

ஐரோப்பாவிலும் இதே வழக்குத்தான். 2004-ல் ஸ்வீடனில் வாக்ஸ்ஹோம் என்னும் ஊரில் பள்ளிக்கூடம் கட்ட ஒரு லாத்வியக் கம்பெனி தன் நாட்டு ஆட்களை அனுப்பியது. ஸ்வீடன் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திடு என்று அங்குள்ள சங்கம் மறியல் செய்தது. 2007-ல் ஐரோப்பியக் கோர்ட்டு மறியல் தவறு என்றது. தொழிலாளிகள் விடவில்லை. அனுப்பப்பட்டவனுக்கும் உள்ளூர் ஊதிய விதியே என்று 2018-ல் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது.

மில் தோழர்களே! அடுத்த ஷிப்டில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஒரிசாத் தோழனிடம் கேளுங்கள்: கூலி யார் கையால் வருகிறது? எவ்வளவு பிடிக்கிறார்கள்? ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது? பாஷை தெரியாவிட்டால் விரல்விட்டு எண்ணிக் கேளுங்கள். கேட்டதை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள்.