முகாமிற்கேற்ற கைக்கோடரி

1863-ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் சென்னையை அடுத்த பல்லாவரத்திலும், பின்னர் அத்திரம்பாக்கத்திலும் பழங்கற்கால மக்களின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையன ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன என்று 2011-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவற்றுட் பேர்பெற்றது கைக்கோடரி. அதற்குக் காம்பு கிடையாது. பிடித்த கையே காம்பு. கல்லைக் காம்பிற் பொருத்தும் வித்தையை மனிதன் கற்றுக்கொள்வதற்குப் பன்னெடுங்காலம் சென்றது. அன்றுதொட்டுக் கோடரியின் சிறப்பு அதன் வாயில் மாத்திரம் அடங்கியதன்று. இரும்பும், மரமும், அவ்விரண்டையும் பிணைக்கும் ஆப்பும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கோடரி. இதனை மறந்துவிட்டே நம்மிற் பெரும்பாலோர் கடைக்குச் செல்லுகின்றனர்.

நம் கல்லூரிச் சாரணரும், நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சேர்ந்த மாணவரும் ஆண்டுதோறும் முகாமிற்குப் புறப்படுமுன், “நெடுநாள் உழைக்கும் கைக்கோடரி எது?” என்னும் வினா எழுவது வழக்கம். பளபளப்பாய் இருப்பதனை ஒருவர் பரிந்துரைப்பர். விலை மிகுந்ததனை மற்றொருவர் பரிந்துரைப்பர். என் கருத்து இவ்விரண்டிற்கும் மாறானது. பழுதுற்றவிடத்து நம் கையாலேயே செப்பனிடத் தக்க கோடரியே நெடுநாள் உழைப்பது. இக்கொள்கையைக் கைக்கொள்வோமாயின் தேர்ந்தெடுக்கும் வேலை மிகவும் எளிதாகிவிடும்.

இக்காலத்தில் விற்கப்படும் கைக்கோடரிகளை மூவகையாகப் பிரிக்கலாம். தலையும் பிடியும் ஒரே எஃகாய் அடிக்கப்பெற்றது முதல்வகை. 1923-இல் அமெரிக்காவில் தோன்றிய எஸ்ட்விங் என்னும் நிறுவனம் இதற்குப் பெயர்போனது. இதன் தலை ஒருபோதும் கழன்று பறவாது என்பது பெரிய நன்மையே. ஆயினும் வெட்டுந்தோறும் உண்டாகும் அதிர்ச்சி மணிக்கட்டில் வந்து தாக்கும். கழுத்து முறியுமாயின் முழுக் கருவியும் பழைய இரும்பாகும். பிளாஸ்டிக் கலவையைத் தலையைச் சுற்றி வார்த்துப் பிடியாக்கியது இரண்டாவது வகை. 1649-இல் தொடங்கிய பின்லாந்து நாட்டு ஃபிஸ்கார்ஸ் நிறுவனத்தார் இவ்வகையை உலகெங்கும் பரப்பினர். இதுவும் இலேசானது, உறுதியானது, மழைக்கு அஞ்சாதது. எனினும் அடுப்பருகில் வைத்து உருகிய பிடியையும், ஓங்கி வெட்டி முறிந்த பிடியையும் மாற்றியமைக்க எந்த ஊர்ப் பட்டறையிலும் வழியில்லை. மரக்காம்பு இட்டது மூன்றாவது வகை. இதன் காம்பு மற்றவற்றினும் எளிதில் முறியும் என்பதை நான் மறுக்கவில்லை. முறிந்தால் அரைநாளில் வேறு காம்பு இட்டுக்கொள்ளலாம் என்பதே இதன் பெருமை. ஆதலின் மூன்றாவதையே நான் வேண்டுகின்றேன்.

இனி இரும்பை எவ்வாறு ஆராய்வது? மிகக் கடினமான எஃகே சிறந்தது என்பது பலரும் கொண்டிருக்கும் எண்ணம். பண்டைத் தென்னாட்டு உருக்கு உலகப் புகழ் பெற்றது. அதிற் கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு உண்டு. அது வாளுக்கு உகந்தது. கோடரியோ ஒவ்வொரு வீச்சிலும் மோதுண்ணும் கருவி. கடினம் மிகுந்தால் அதன் வாய் சில்லுச் சில்லாய்ப் பெயரும், குறைந்தால் மடங்கும். நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது சற்று மேற்பட்ட கரியுள்ள எஃகே இதற்குத் தக்கது. லாரிகளின் வில்பட்டை ஏறக்குறைய இத்தகையதே. நம் ஊர்க் கொல்லர் அதனை நாடுவதற்குக் காரணமும் இதுவே. துவைச்சல் வாய்ப்புறத்தில் மட்டும் ஏறியிருத்தல் வேண்டும்; காம்பு நுழையும் துளையைச் சூழ்ந்த பகுதி மெதுவாயிருந்தாற்றான் அதிர்ச்சியைத் தாங்கும். இதனையறிய ஓர் அரம் போதும். வாயில் அரத்தை இலேசாக இழுத்துப் பாருங்கள். கண்ணாடிமேற்போல வழுக்கிச் சென்றால் கடினம் மிகை. வெண்ணெயிற்போல ஆழக் கடித்தால் கடினம் குறைவு. சிறிதே பற்றினால் நன்று. துருப்பிடியாத எஃகு என்று சொல்லி விற்கப்படும் அலங்காரக் கோடரிகள் பெரும்பாலும் இச்சோதனையில் தோற்கும். துருவுக்கு மருந்து ஒரு சொட்டு எண்ணெயேயன்றி வேறு உலோகமன்று.

காம்பைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். கோடரிக் காம்பு குலத்துக்கு ஈனம் என்று பழமொழி அதனைப் பழித்தாலும், தன் குலத்திற் சிறந்த மரமே அப்பணிக்கு வேண்டப்படுகின்றது. மேல்நாட்டார் ஹிக்கரி, ஆஷ் என்னும் மரங்களை விரும்புவர். நம் நாட்டிலோ வைரம் பாய்ந்த கருவேலும், வளைந்து கொடுக்கும் தடசும் உள்ளன. மரத்தின் நாரோட்டம் காம்பின் அடிமுதல் நுனிவரை முறியாது ஓடுகின்றதா என்று பாருங்கள். குறுக்கே வெளியேறும் நார் எங்குளதோ அங்கேதான் காம்பு முறியும். அடிமுனையிற் காணும் ரேகைகள் வாயின் திசையை ஒட்டியிருப்பது நலம். கணுவுள்ள காம்பும் வேண்டா. தடித்த வர்ணம் பூசிய காம்பும் வேண்டா. வர்ணம் குறையை மறைக்கும். கையிற் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஆளிவிதை எண்ணெய் தடவிய வெறுமரமே கைக்கு இனியது.

மூன்றாவதான ஆப்பே பலர் கவனியாத உறுப்பு. ஆபத்து அங்கேதான் மறைந்திருக்கிறது. நல்ல கோடரியின் துளை மேற்புறம் சற்று அகன்றிருக்கும். அதில் நுழைந்த காம்பின் தலையைப் பிளந்து ஆப்பு அறையுங்கால் மரம் விரிந்து துளையை நிரப்பும்; பிறகு தலை மேலே நழுவ இடமில்லை. ஆயினும் ஐப்பசி கார்த்திகையில் ஈரமரத்தால் இட்ட காம்பு சித்திரையில் வற்றிச் சுருங்கும். அக்காலத்து ஓங்கிய கோடரியினின்று தலை கழன்று பாயுமாயின், அதன் வழியில் நிற்பவன் கதி என்னாவது? இதற்குப் பரிகாரமாகக் கோடரியை நீரில் ஊறப் போடுவது எங்கும் காணும் வழக்கம். அது மிகத் தீயது. நீருண்டு பருத்த மரம் துளைக்குள் நசுங்கும். உலர்ந்தபின் முன்னினும் அதிகமாகத் தளரும். நன்கு உலர்ந்த மரத்தால் காம்பிட்டு, தளர்ந்தபோது புதிய ஆப்பு அறைவதே முறை.

அளவைப் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. தலை 500 முதல் 700 கிராம் வரையும், காம்பு 35 முதல் 45 சென்டிமீட்டர் வரையும் இருந்தால் முகாமிற்குப் போதும். சிறியது அபாயமற்றது என்று மாத்திரம் எண்ணற்க. நெடுங்காம்புக் கோடரி குறி தவறினால் பெரும்பாலும் நிலத்திற் பதியும். குறுங்காம்புக் கோடரியோ முழங்காலை நோக்கி வரும். ஆகையால் கைக்கோடரியால் வெட்டுவோர் மண்டியிட்டு, அடிக்கட்டையின்மேல் விறகை வைத்து வெட்டுதல் வேண்டும். 1919-இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவிற் சாரணத் தலைவர்க்குப் பயிற்சி தொடங்கிய காலத்து, கட்டையிற் பதிந்த கோடரியே அப்பயிற்சியின் சின்னமாயிற்று. ஓய்ந்திருக்கும் கோடரியின் வாய் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதை அது நமக்கு நினைவூட்டட்டும்.

கோடரி கையிலிருப்பதனாலேயே கண்ட மரத்தை வெட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது. 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுதல் அதன்படி குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமோ, எழுத்துமூலமான முன்னனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்தில் நுழைவதையே தடுக்கின்றது. கத்தியும் அச்சட்டத்தில் ஆயுதமென்றே எண்ணப்படுகின்றது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இளைஞர் பலர் மாண்டதை எவரும் மறந்திரார். காட்டில் நெருப்பு விளையாட்டுப் பொருளன்று. ஆகவே நம் கோடரிக்கு இடம் ஊர்ப்புறத்துத் தோப்பும், உடையவர் ஒப்பிய சவுக்குக் கொல்லையும், சேவை முகாமின் அடுக்களையுமேயாகும். அங்கே அதற்கு வேலை நிரம்ப உண்டு.

இறுதியாக நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். முகாம்தோறும் மலிந்த கோடரிகள் பலவற்றை வாங்கி, முகாம் முடிந்ததும் ஈரத்தோடு அறையில் எறிந்து, மறு ஆண்டு துருவும் தளர்ந்த காம்புமாய்க் கண்டு, திரும்பவும் புதியன வாங்குதல் எவ்வகைச் சிக்கனம்? அப்பணத்தைக் கொண்டு நல்ல கைக்கோடரிகள் இரண்டினை நமக்கு அணித்தாயுள்ள கொல்லரிடமே சொல்லிச் செய்வித்துக் கொள்ளலாம். சுவீடனில் 1902 முதல் நடைபெற்றுவரும் கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறையில் ஒவ்வொரு கோடரியிலும் அதனை அடித்த கொல்லரின் பெயரெழுத்துப் பொறிக்கப்படுகின்றது. நம் கொல்லரும் தம் குறியை இடுவாராக. செய்தவர் இன்னார் என்று தெரிந்த கருவி கவலையின்றிச் செய்யப்படுவதில்லை. அரம், சாணைக்கல், எண்ணெய், தோலுறை, உலர்ந்த காம்பு இரண்டு ஆகியவற்றை உடன் வைத்து, ஆண்டுக்கொரு மாணவரை அவற்றிற்குப் பொறுப்பாளராக்குவோம். அவர் காம்பிடவும் தீட்டவும் கற்றுப் பின்வருவோர்க்கும் கற்பித்துச் செல்வாராயின், இன்று முதலாண்டில் இருப்போர் முதியோராய் இக்கல்லூரியைக் காண வருங்காலத்தும் அக்கோடரிகள் விறகு பிளந்துகொண்டிருக்கும்.