ஒன்பது மீட்டர் மட்டும் போதாது

மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று 1997-இல் தமிழக அரசு ஆணையிட்டது. கோபுரங்களை மறைத்துக்கொண்டு கட்டடங்கள் எழக் கூடாது என்பதே நோக்கம். ஆணையை மீறிய கட்டடங்கள் பற்றிய வழக்கு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. உயர வரம்பைத் தளர்த்த வேண்டும் என்ற குரலும் அவ்வப்போது எழுகிறது. தளர்த்தவே கூடாது. அதே வேளையில், உயரத்துக்குக் கடிவாளம் போட்டதோடு பழைய மதுரை பிழைத்துவிடும் என்று நம்புவதும் தவறு.

கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. அவற்றைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் இன்றும் சுமக்கின்றன. மதில் போனது, வீதிகளின் அமைப்பு போகவில்லை. மாசி வீதிகளில் இன்றும் சித்திரைத் தேர் வடம்பிடித்து வருகிறது.

இந்த நகரம் என்றும் நெருக்கமாகவே வாழ்ந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வாசலில் திண்ணை, நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்க ஒரு முற்றம். வளையல்காரத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு என்ற பெயர்கள், தொழிலும் குடியிருப்பும் ஒரே தெருவில் இருந்ததைச் சொல்கின்றன. வானத்தை மறைக்காமலேயே ஏராளமானோர் குடியிருக்க முடியும் என்பதற்கு அந்த வீடுகளே சாட்சி.

நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. இன்று பழைய வீட்டை இடித்துவிட்டு, மனையின் நான்கு எல்லையும் தொடும்படி கட்டுகிறார்கள். முற்றம் மறைகிறது, திண்ணை கடையாகிறது, மாடி கிடங்காகவோ விடுதியாகவோ மாறுகிறது. இத்தனையும் 9 மீட்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது! பகலெல்லாம் சரக்கு வண்டியும் கூட்டமும். இரவில் குடியிருப்பவர் குறைந்த தெரு. சந்துக்குள் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்? 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபக் கடைகளில் பற்றிய தீ, புராதனக் கட்டடத்துக்குள் சரக்கை அடைத்து வைப்பதன் விலையைக் காட்டியது.

"ஊருக்காக நான் மட்டும் ஏன் இழக்க வேண்டும்?" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயம். பதிலும் இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அகமதாபாத் கோட்டை நகரில், பழைய வீட்டைக் காப்பவர் தன் கட்டுமான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்க வழி செய்திருக்கிறார்கள். மதுரையிலும் அதைச் செய்ய வேண்டும்.

கூடவே, முற்றத்துக்கும் திறந்தவெளிக்கும் விதி வேண்டும். குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பவருக்கு வரிச்சலுகையும் எளிய அனுமதியும் வேண்டும். விதிமீறலை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். மொத்த வியாபாரக் கிடங்குகள் படிப்படியாக வெளியேற வேண்டும். காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்குப் போன பிறகும் ஊர் பசியாறத்தான் செய்கிறது. ஆனால், சந்தை இருந்த வடக்கு ஆவணி மூல வீதியில் பன்னடுக்கு வாகன நிறுத்தத்தைக் கட்டியது, கார்களைக் கோயில் வாசலுக்கே அழைக்கும் செயல். அந்தப் பிழை இன்னோர் இடத்தில் தொடரக் கூடாது.

மாசி வீதிகளுக்குள் முற்றமுள்ள வீடுகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் எத்தனையில் குடும்பங்கள் வாழ்கின்றன என்று மாநகராட்சி வீடு வீடாகக் கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கு முடியும்வரை, அங்கே ஒரு பழைய வீட்டைக்கூட இடிக்க அனுமதி தரக் கூடாது.