கையும் காலும் முந்தும் பருவம்

பேதை, பெதும்பை, மங்கை எனப் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்த பாட்டியல் நூலார் ஆணையும் மறந்துவிடவில்லை. பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று அவனுக்கும் பெயர்கள் உண்டு. இவற்றில் என்னை வியக்க வைப்பது ஆண்டுக் கணக்கு. விடலைக்கு 17 முதல் 30 வரை தாராளமாக இடம் தந்தவர்கள், திறலோனுக்கு 15, காளைக்கு 16 என ஓராண்டுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். உடல் விரைந்து மாறும் காலம் அது என்பதை யாரோ ஒரு புலவர் கண்டிருக்கிறார். ஆனால் என்ன மாறுகிறது என்று சொல்ல நம் இலக்கியம் முனையவில்லை என்பதே என் குறை. உலாக்களில் பெதும்பையும் மங்கையும் வருகிறார்கள்; பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்காக வருகிறார்கள். திடீரென நீண்டுவிட்ட கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையை அங்கே தேடிப் பயனில்லை.

அதைப் பார்த்தவர்கள் அளவுகோல் எடுத்தவர்கள்தாம். பிரான்சில் மோன்பெய்யார் என்பவர் 1759 முதல் 1777 வரை தம் மகனின் உயரத்தை விடாமல் அளந்துவந்தார். ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்த வளர்ச்சி வேகம், விடலைப் பருவத்தை ஒட்டிச் சட்டென்று ஏறி மீண்டும் தணிந்தது. பெண்பிள்ளைகளுக்கு இந்த ஏற்றம் 12 வயதையொட்டியும், ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஈராண்டு பிந்தியும் உச்சம் தொடுகிறது. உச்ச ஆண்டில் ஒரு பையன் 9 செ.மீ. அளவுக்கு உயரக்கூடும். ஆனால் உடல் முழுவதும் ஒருசேர வளர்வதில்லை. முதலில் பாதமும் உள்ளங்கையும், பிறகு கணைக்காலும் முன்கையும், அடுத்துத் தொடை, அதன்பின் இடுப்பும் தோளும். உடற்பகுதியின் நீளம் கடைசியில். (செருப்பு கடிக்கத் தொடங்குவதுதான் முதல் அறிவிப்பு!) தலையோ பிறக்கும்போது உடல் நீளத்தில் கால் பங்கு, வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்களவுதான்.

சிற்பிகள் இந்த விகிதங்களை அறிந்தவர்கள். முகத்தின் நீளத்தையே தாலம் என்னும் அளவாகக் கொண்டு, பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலமும் விநாயகருக்கு ஐந்து தாலமும் வகுத்தார்கள். எங்கள் ஆரணிப் பக்கத்துத் திருமலையில், குந்தவை ஜினாலயம் இருக்கும் அதே குன்றில், பாறையில் செதுக்கிய நேமிநாதர் 16 மீட்டர் உயரம் நிற்கிறார். அருகர் உருவம் இளமையோடும் முழங்கால் வரை நீண்ட கைகளோடும் அமைய வேண்டும் என்பது வராகமிகிரர் சொல்லும் இலக்கணம். கல்லில் நாம் வணங்கும் நீண்ட கை, வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்தால் 'நெட்டைக்கொக்கு' என்கிறோம். கேலி போகட்டும், அது ஆறிவிடும்.

தறிக்குழியின் கதை வேறு. கோர்வைப் புடவைக்குக் கரை நாடாவை வீச உடன் ஒரு கை வேண்டும். நெடுங்காலம் அது சிறுவர் கையாகவே இருந்தது. 2016 திருத்தச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆயினும், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்தும் வைத்தது. வீடே தறிக்கூடமாக இருக்கும் ஊரில் அந்த வாசல் மிக அகலமானது. அங்கே பிள்ளையின் வயதைச் சான்றிதழ் பார்த்தா முடிவு செய்கிறார்கள்? "கால் மிதிக்கு எட்டுகிறதே, இனி உட்காரட்டும்" என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கு பிழையானது. கால் எட்டுவது உடல் முதிர்ந்ததன் அடையாளம் அன்று. முந்திக்கொண்டு நீண்ட உறுப்பு அது. மணிக்கணக்கில் குனிந்து பாரம் தாங்க வேண்டிய முதுகும் தோளும் அப்போது இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. எலும்பு உரம் ஏறுவதோ உயரம் ஏறுவதற்கும் பிந்தி நடப்பது. சட்டம் கோடு கிழித்த அந்த 14, பையன்கள் மிக வேகமாக நீளும் வயது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடிட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தறி வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளையைத் தரையில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து இன்னொரு கோடும் போடலாம். கால் வளர்ந்து ஓய்ந்த பிறகும் அந்தக் கீழ்க்கோடு மேலேறிக்கொண்டிருப்பதைக் காண்பார்கள்.