காட்டுக்கு ஒன்பது மணி நேரம்

பெங்களூரில் புறப்பட்டு மைசூரு, பந்திப்பூர், முதுமலை வழியே உதகை சென்று திரும்பும் சைக்கிள் பயணிகள் இருட்டுமுன் காட்டைக் கடந்துவிடுகின்றனர். அந்தக் கட்டுப்பாடு லாரிகளுக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

பந்திப்பூர் தேசியப் பூங்காச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு 2009-இல் தடை விதிக்கப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2010-இல் அதை உறுதி செய்தது. எதிர்த்துக் கேரளம் உச்ச நீதிமன்றம் சென்றது. கேரள உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலும் குரல் எழுப்பினர். வயநாட்டு மக்களின் சிரமம் மெய்யே. ஆயினும் ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. குட்டா வழியே மாற்றுப் பாதையும் உண்டு. யானைக்கு மாற்றுக் காடு இல்லை.

முதுமலை அதே காட்டின் தொடர்ச்சி. தமிழக உறுப்பினர்கள் அவையில் தடையை ஆதரித்துப் பேச வேண்டும்.