நாம் எழுதியதை நாமே ஓட்டிப் பார்த்தோமா?



மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டதும், "நீயெல்லாம் என்னடா எழுதப் போற?" என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. கவிதை வராது. ஆனால் கணிப்பொறித் துறையில் இரண்டரை வருடமாகக் குப்பை கொட்டியதில் ஒரு விஷயம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அப்பா கொத்தனார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊராருக்கு வீடு கட்டுகிறார். நாங்கள் இருந்தது ஓட்டு வீடு. நான் ஒன்பதாவது படிக்கும்போது கடன் வாங்கி ஒரே ஒரு தளம் போட்ட அறை கட்டினார். மாடிக்குப் படியும் வைத்தார். மொத்த உயரத்தில் கணக்கு இடித்ததால் கடைசிப் படி மட்டும் இரண்டு அங்குலம் கூடுதல். இது அவர் வழக்கமாகச் செய்வதுதான், யாரும் குறை சொன்னதில்லை. குடிபோன மூன்றாம் நாள் வடகம் காயப்போடப் போன அப்பத்தா அந்தப் படியில் இடறி விழுந்தது. "ஏண்டா, இந்தப் படிய யாருக்குடா கட்டுன?" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டது. அப்பா பதில் பேசவில்லை. அதற்கப்புறம் எந்த வீட்டில் படி கட்டினாலும், முதல் கல் வைக்கும் முன்பே ஒரு குச்சியை வெட்டி எல்லாப் படிக்கும் ஒரே உயரம் வருகிறதா என்று அளந்துவிடுகிறார்.

மென்பொருள் உலகத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 'டாக்ஃபுடிங்' என்கிறார்கள். 1988-ல் மைக்ரோசாஃப்டில் மேலாளராக இருந்த பால் மாரிட்ஸ், லேன் மேனேஜர் என்ற நெட்வொர்க் மென்பொருளின் சோதனைப் பொறுப்பில் இருந்த பிரையன் வாலன்டைனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நம்முடைய சரக்கை நம் கம்பெனிக்குள்ளேயே இன்னும் அதிகமாக உபயோகிக்க வேண்டும் என்பது விஷயம். நம் நாய்ச்சோற்றை நாமே சாப்பிடுவது என்று தலைப்புப் போட்டிருந்தார். வாலன்டைனும் சளைக்காமல் ஒரு சர்வருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். (எங்கள் வீட்டு நாய் நாங்கள் தின்ற மிச்சத்தைத்தான் தின்னும். நாய்க்கென்று தனிச் சோறு டப்பாவில் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பழமொழி பொருந்தும் போலிருக்கிறது.)

பேர் கிடக்கட்டும், வேலையைப் பார்ப்போம். அதே 1988-ல் டிஜிட்டல் கம்பெனியிலிருந்து டேவ் கட்லர் என்பவர் மைக்ரோசாஃப்டுக்கு வந்து, பிற்பாடு விண்டோஸ் என்டி ஆன ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுத ஆரம்பித்தார். இல்லாத சிஸ்டத்தில் உட்கார்ந்து எழுத முடியாது அல்லவா? அதனால் முதலில் ஓஎஸ்/2 என்ற வேறொரு சிஸ்டத்தில் எழுதினார்கள். புதுசு தட்டுத் தடுமாறி நிற்க ஆரம்பித்ததும், இனிமேல் என்டியிலேயே உட்கார்ந்து என்டியை எழுதுங்கள் என்றாகிவிட்டது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லோரும் எழுதியதை ஒன்றுசேர்த்து தினமும் ஒரு முழு பில்ட் எடுப்பார்கள். அதுதான் மறுநாள் உங்கள் மேசையில் ஓடும். எடிட்டர் அதன் மேல், கம்பைலர் அதன் மேல். பக்கத்து அறைக்காரன் மெமரியில் ஒரு தப்பு விட்டிருந்தால் உங்கள் மெஷின் தொங்கிவிடும், உங்கள் அரை நாள் போச்சு. நீங்கள் சும்மா இருப்பீர்களா? நேராக அவன் அறைக்குப் போய் நிற்பீர்கள். சோதனைக் குழு ஒரு தாளில் எழுதி அனுப்பும் புகாரை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஓரமாக வைக்க முடியும். மூக்கு சிவக்க வாசலில் நிற்கும் சக ஊழியனை அப்படி ஓரமாக வைக்க முடியாது. இதை விடக் கொடுமை, புது ஃபைல் சிஸ்டத்தை நம்பித் தன் சொந்த சோர்ஸ் கோடை அதில் வைப்பது. கையில் நெருப்பை வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி. பாஸ்கல் சக்கரி என்ற பத்திரிகையாளர் 1994-ல் இந்தக் குழுவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 1993 ஜூலையில் வெளிவந்த என்டி 3.1-ன் வாரிசுதான் இன்றைக்கு நம் லேபில் ஓடுகிற விண்டோஸ்.

யூனிக்ஸ் கதையும் இதே ஜாதிதான். 1969-ல் பெல் லேபில் கென் தாம்சன் வேறொரு பெரிய மெஷினில் அசெம்பிள் செய்து, காகித நாடாவில் துளைபோட்டு எடுத்துவந்து பிடிபி-7-ல் ஏற்றினார். எடிட்டரும் அசெம்பிளரும் பிடிபி-7-லேயே வந்தவுடன் நாடாவுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஆனால் நண்பர்களே, நான் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட வரவில்லை. கிட் என்ற மென்பொருளைப் பாருங்கள். லினக்ஸ் கெர்னல்காரர்கள் உபயோகித்துக்கொண்டிருந்த பிட்கீப்பர் இலவசமாய்க் கிடைக்காது என்றானதும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3-ம் தேதி கிட்டை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7-ம் தேதி கிட்டின் சோர்ஸ் கோடே கிட்டுக்குள் இருந்தது. ஜூனில் கெர்னல் 2.6.12 அதிலேயே வெளியானது. அபாரமான வேகம். அதே கிட்டை நம் வகுப்பில் முதல் தடவை தொட்டபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்று வந்ததும் பாதிப் பேர் ஃபோல்டரையே அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினோம். கிட்டை எழுதியவர்களும் தினமும் ஓட்டிப் பார்த்தவர்களும் கெர்னல் எழுதுகிறவர்கள். அவர்கள் கைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. நம் கை அவர்கள் கண்ணில் படவேயில்லை. தானே ஓட்டிப் பார்ப்பதால் தனக்கு வலிக்கிற இடம்தான் தெரியும் என்பது என் கருத்து. அப்பா தினமும் அந்தப் படியில் ஏறி இறங்கினார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விழுந்தது அப்பத்தாதானே?

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன், கோபிக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டில் நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, மருந்துக்கடை பில் என்று எத்தனை புராஜெக்ட் போடுகிறோம்! அதில் ஒன்றையாவது யாராவது, ஏன் நாமேயாவது, வைவா முடிந்த மறுநாள் திறந்து பார்த்ததுண்டா? சில பேர் வெளியே காசு கொடுத்து ரெடிமேடாகவே வாங்கி வருகிறார்கள். எத்தனை ஆயிரம் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காசு பல வீடுகளில் ஒரு மாதக் கூலி. அப்பா அதை எப்படிச் சேர்த்தார் என்று கேட்காமல் வாங்கிவிடுகிறோம்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பைத்தானில் விடுதி மெஸ் கணக்கு எழுதினோம். வைவாவுக்கு முன்னால் 30 நாள் நம் அறைச் செலவையே அதில் போட்டுப் பார்ப்போம் என்று சபதம் வேறு. நாலாம் நாளே நோட்டுக்குத் திரும்பிவிட்டோம்! வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு டீச் செலவை ஏற்ற ஆறு இடத்தில் தட்ட வேண்டியிருந்தது. தப்பாய்ப் போட்ட தொகையைத் திருத்த வழியே வைக்கவில்லை, ஏனென்றால் டெமோவில் நாங்கள் தப்பாய்ப் போடவே மாட்டோம். மாதக் கடைசி என்றால் எப்போதும் 30 என்று எழுதியிருந்ததால் 31-ம் தேதிச் செலவு காணாமல் போயிற்று. இதெல்லாம் எங்கள் காசு என்பதால்தான் கண்ணில் பட்டது.

எல்லாம் சரிசெய்து மெஸ் அண்ணனிடம் கொடுத்தோம். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, கை ஈரமா இருக்கப்ப இத எப்படிப்பா தொடுறது? காய்க்காரரு நாளைக்குத்தான் விலை சொல்லுவாரு, இன்னிக்கு எடை மட்டும் எழுதி வைக்க எடம் எங்க?" என்றார். ஒரு மாதம் நாங்களே ஓட்டியும் இந்த இரண்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் காய் வாங்கினவர்கள் இல்லையே.

அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கை இது. புராஜெக்ட் ஒப்படைக்கும்போது, செய்தவர்கள் 30 நாள் உபயோகித்ததற்கு ஒரு நாட்குறிப்பும், வெளியாள் ஒருவர் ஒரு வாரம் உபயோகித்ததற்கு ஒரு பக்கமும் சேர்த்து வைக்கும்படி துறைத் தலைவரிடம் பேசுங்கள். "அதுக்கு மார்க் உண்டா?" என்று சிலர் கேட்பீர்கள். இப்போதைக்குக் கிடையாது. ஐந்து மார்க்காவது வாங்கித் தரச் சொல்லித்தான் சங்கத்தைக் கேட்கிறேன். கடையில் வாங்கிய புராஜெக்டுக்கு 30 நாள் குறிப்பு எழுதுவது கொஞ்சம் சிரமம் என்பதையும் கவனியுங்கள்.

மெஸ் அண்ணன் இன்னமும் பாதி நாள் நோட்டில்தான் எழுதுகிறார். போன மாதம் 30 நாளில் 17 நாள் கணக்கு எங்கள் மென்பொருளில் ஏறியிருக்கிறது. மீதி 13 நாள் ஏன் ஏறவில்லை என்று கேட்க நாளைக் காலை இட்லி ஊற்றும் நேரத்துக்கு முன்னால் அவரிடம் போகிறோம். யாராவது கூட வருவதானால் ஐந்தரை மணிக்கு மெஸ் பின்வாசலுக்கு வாருங்கள்.